சைன் மட்டும் போதும்

எங்கள் வீட்டு ஹாலில் டிவி இருக்க வேண்டிய சுவரில் ஒற்றர்கள் இருக்கிறார்கள். என் கணவர் ஃபிராங்க்ளின் சேர்த்த கூட்டம் அது. ஒற்றர்களைப் பற்றிய புத்தகம் என்றால் நாவலோ, வரலாறோ, ஓய்வுபெற்ற அதிகாரியின் நினைவுக் குறிப்போ, எதையும் மனிதர் விடமாட்டார். ஆனால் நிபந்தனைகள் உண்டு. புத்தகம் யாரோ படித்துக் கைமாறிய பழைய பிரதியாக இருக்க வேண்டும். அதில் எழுதியவரின் கையெழுத்து இருக்க வேண்டும், இல்லையென்றால் இவரே தேடிப் போய் வாங்கிவிட வேண்டும். இந்த வேட்டைக்காரர் பிழைப்புக்குச் செய்வது பொய்ப்பல். அல்சூரில் சின்னதாக ஒரு டென்டல் லேப் வைத்திருக்கிறார். ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. என் வயிற்றெரிச்சல் முழுக்க அதில்தான். கையெழுத்தோடு யாருடைய பெயரும் இருக்கக் கூடாது. 'அன்புள்ள இன்னாருக்கு' என்று ஒரு வரி இருந்தால் அந்தப் புத்தகத்தைத் தொடமாட்டார். அது அடுத்த வீட்டுக் கல்யாண ஆல்பமாம், நம் அலமாரியில் அதற்கு என்ன வேலை என்பார். சேகரிக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தானாம். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் என் பிறந்தநாளன்று ஒரு புத்தகக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். எழுத்தாளர் இவர் நீட்டிய பழைய பிரதியை வாங்கி, பேனாவைத் திறந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, உங்க மிஸஸ் பேரு என்ன என்று கேட்டார். 'பேரு வேணாம் சார், சைன் மட்டும் போதும்' என்றார் என் வீட்டுக்காரர். இதைச் சொல்லிக் காட்ட ஒரு வாய்ப்பையும் நான் விட்டதில்லை.

போன ஜூன் மாதம் அவருக்கு ஞானசேகரன் கிடைத்தார். ஆள் அல்ல, புத்தகம். தங்கவயலில் பிறந்து, மத்திய அரசின் உளவுத் துறையில் சேர்ந்து, வெளிநாடுகளில் வேறு வேறு பெயர்களில் வேலை பார்த்தவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரே புத்தகம். பழைய புத்தகக் கடை முகேஷ் அதை எடுத்து வைத்திருந்தான். கையெழுத்து இல்லை. ஆனால் எழுதியவர் உயிரோடுதான் இருக்கிறார், வைட்ஃபீல்டில் மகள் வீட்டில் இருக்கிறார், அந்த மகள்தான் வீடு மாறும்போது அப்பாவின் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டிக் கொடுத்தாள் என்று முகேஷ் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. ஃபிராங்க்ளின் போன் செய்தார். சங்கமித்ரா என்ற அந்த மகள், தாராளமாக வாருங்கள், ஆள் வந்தால் அப்பா சந்தோஷப்படுவார் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து, அல்சூரில் மெட்ரோ ஏறிப் போனோம். ஏழாவது மாடி. சங்கமித்ராவே கதவைத் திறந்தாள். நாற்பதை ஒட்டிய வயது, ஐ.டி. வேலை, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. உள்ளே விடுவதற்கு முன் வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். அப்பாவுக்கு மறதி நோய். எழுத, படிக்க, பழைய ஆபீஸ் கதை பேச எல்லாம் முடிகிறது. மகளின் முகம் மட்டும் போய்விட்டது. அவளை அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் யாரோ ஒரு மேடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தினமும் காலையில் காபி கொடுக்கும்போது, உங்க பொண்ணு பேரு என்ன என்று அவரைக் கேட்பாளாம். அவர் சிரித்துவிட்டு, இன்றைக்கு மழை வருமா என்று கேட்பாராம். நீயே சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"நான் சொன்னா திருப்பிச் சொல்லுவாரு அக்கா. அது எனக்கு வேணாம். அவரா ஒரே ஒரு தடவை சொல்லணும். அது உள்ள இருக்கா, இல்ல மொத்தமா போயிடுச்சான்னு தெரிஞ்சா போதும்."

ஞானசேகரன் இஸ்திரி போட்ட சட்டையில், சுவரில் முதுகு படும்படி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஃபிராங்க்ளினுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வந்தவர் யார், என்ன வேலை, பல்லுக்கு அச்சு எப்படி எடுக்கிறார் என்று பெரியவர் துருவித் துருவிக் கேட்டார். பதில்களில் திருப்தி வந்த பிறகுதான் புத்தகத்துக்குக் கை நீட்டினார். அட்டையைத் தடவிப் பார்த்து, 'முதல் காப்பி' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முதல் பக்கத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தார். அது கையெழுத்து மாதிரி இல்லை, தமிழில் ஏதோ ஒரு வார்த்தை.

"சார், சார், பேரு வேணாம் சார். சைன் மட்டும் போதும்" என்றார் ஃபிராங்க்ளின். யோசித்துச் சொன்னதில்லை. தும்மல் வருவது போல அவருக்கு அது தானாக வரும்.

பெரியவரின் கை நின்றது. இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலிக்குப் பின்னால் தண்ணீர் டம்ளரோடு நின்ற சங்கமித்ராவையும் திரும்பிப் பார்த்தார்.

"கரெக்ட். பேரு எழுதக் கூடாது. நல்லவேளை சொன்னீங்க" என்றார். எழுதியதன் மேல் பேனாவை ஓட்டி, ஒரு கோடுகூடத் தெரியாமல் கறுப்பாக அடித்துவிட்டு, கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சங்கமித்ரா டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு சமையலறைக்குள் போனாள். முகம் சரியில்லையே என்று பின்னாலேயே போனேன். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் பேருல 'சங்'னு வரைக்கும் எழுதிட்டாரு அக்கா. நான் பார்த்தேன். புத்தகம் வந்தப்ப நான் வெளிநாட்டுல இருந்தேன். முதல் காப்பிய உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன், வந்தா பேர் எழுதித் தர்றேன்னாரு. நான் வரவும் இல்ல, வாங்கவும் இல்ல." எங்கள் மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பும்போது மெட்ரோவில் ஃபிராங்க்ளின் அந்தக் கறுப்பைப் பார்த்துப் பார்த்து உச்சுக் கொட்டினார். நல்ல பக்கம் பாழாய்ப் போய்விட்டதாம். நான் விஷயத்தைச் சொன்னேன். சொன்னேன் என்ன, கே.ஆர்.புரம் வரும்வரை திட்டினேன். சொந்தப் பெண்டாட்டி பெயரைத்தான் எழுத விடவில்லை, ஊரார் பெண்ணின் பெயரையுமா என்று கேட்டேன். அவர் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அதைக் காட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாரம் அவர் செய்த பல் செட் ஒன்று அளவு சரியில்லாமல் திரும்பி வந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. ஞானசேகரனை அலமாரியில் வைக்கவும் இல்லை, சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தார். ஒரு சாயங்காலம் நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இவர் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"லீனா, அவரு மறந்துட்டேன்னு சொல்லலையே. எழுதக் கூடாதுன்னுதானே சொன்னாரு?"

நான் பேனாவை வைத்தேன். இவர் ஒவ்வொரு புத்தகமாகத் தொட்டுக்கொண்டே பேசினார். இந்த ஒற்றர்களில் பாதிப் பேர் எங்கேயோ ஒரு விசாரணை அறையில் மாட்டிக்கொண்டவர்கள். அடிக்கிறவனை எல்லோருக்கும் அடையாளம் தெரியும். அன்பாக வந்து, காபி கொடுத்து, உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எதைச் சொன்னாலும் பிள்ளைகள் பெயரைச் சொல்லக் கூடாது. பேச்சை மாற்ற வேண்டும், மழையைப் பற்றிப் பேச வேண்டும்.

"தினமும் காலைல முகம் தெரியாத பொம்பள ஒருத்தி வந்து உன் பொண்ணு பேரு என்னன்னு கேட்டா, அவரு என்ன பண்ணுவாரு சொல்லு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பெரியவர் பெயரைத் தொலைக்கவில்லை. கேட்கிறவள் யாரென்று தெரியாததால் ஒளித்து வைத்திருக்கிறார். யாரிடமிருந்து காப்பாற்றுகிறாரோ அவளுடைய பெயரேதான் அது. நாங்கள் போன் செய்து சொன்னபோது சங்கமித்ரா நம்பவில்லை. நம்பிவிட்டு அது பொய்யானால் தாங்கமாட்டேன் அண்ணா என்றாள். ஆனாலும் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றாள்.

அதே நாற்காலி, அதே சுவர். எங்களை அவருக்கு நினைவில்லை. ஃபிராங்க்ளின் மறுபடியும் பல் அச்செடுக்கிற கதை முழுவதையும் பொறுமையாகச் சொன்னார். பிறகு பெரியவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை அவர் மடியில் வைத்தார்.

"சார், இது எனக்கில்ல. உங்க பொண்ணோட முதல் காப்பி. அவங்க பேர் எழுதிக் குடுங்க. நான் கையில சேர்த்துடறேன்."

பெரியவர் வெகுநேரம் இவர் முகத்தையே பார்த்தார்.

"அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"நல்லா இருக்காளா?"

ஃபிராங்க்ளின் நிமிர்ந்து சங்கமித்ராவைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தாள். "நல்லா இருக்காங்க சார். உங்க நெனப்பாவே இருக்காங்க."

பெரியவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்கப் போனவர் நிறுத்தி, என்னையும் சங்கமித்ராவையும் பார்த்தார். "மேடம், ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார், மிக மரியாதையாக.

சொந்த வீட்டிலிருந்து சங்கமித்ரா வெளியே வந்தாள். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றோம். லிப்ட் மேலே வந்தது, யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள், லிப்ட் கீழே போனது. அவள் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் குத்தியது. நான் கையை எடுக்கவில்லை. மாதாவே, இந்த மனுஷனின் கணக்கு தப்பாகப் போய்விடக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஃபிராங்க்ளின் கதவைப் பாதி திறந்துகொண்டு வந்தார். மூடிய புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பெரியவர் கையால் மறைத்து எழுதினாராம். எழுதி முடித்து, அவ கையில மட்டும், நீங்களும் பார்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாராம்.

"நான் பார்க்கலம்மா" என்று நீட்டினார். கையெழுத்துப் புத்தகம் ஒன்றை அவர் திறந்து பார்க்காமல் கைமாற்றியது அதுதான் முதல் தடவை.

சங்கமித்ரா திறந்தாள். முதல் பக்கத்தில் அந்தக் கறுப்பும், அதன் கீழே அழகான கையெழுத்தும் இருந்தன. அடுத்த பக்கத்தை எனக்கும் காட்டினாள். 'சங்கமித்ராவுக்கு' என்று குண்டு குண்டாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தலைப்பு எழுதித் தருவது போல எழுதியிருந்தார். கீழே கையெழுத்து இல்லை. 'அப்பா' என்று மட்டும் இருந்தது.

அவள் செருப்புகளுக்கு நடுவே அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், வெட்கமே படவில்லை. என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். உள்ளேயிருந்து பெரியவரின் குரல் வந்தது.

"தம்பி, சேர்த்தாச்சா?"

ஃபிராங்க்ளின் சங்கமித்ராவை நோக்கிக் கையைக் காட்டினார். சங்கமித்ரா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதவருகே போய் நின்றாள்.

"சேர்ந்துடுச்சுப்பா."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நீங்களா மேடம்? எம்பொண்ணு விஷயத்தை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்ப்பா" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.