மூன்றாவது படி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், லியே தீவின் வடக்குப் படைமுகாம் மானுட நாகரிகத்தின் ஒப்பற்ற சின்னம் என்று மாவட்டப் பாரம்பரியக் குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. குழுவில் ஏழு பேர். ஐந்து பேர் படகில் வந்த வாந்தி மயக்கம் தெளியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருமனம் ஏற்பட அதுவும் ஒரு காரணம்.

எழுபத்தாறு வயது கூ தியன்-சியோங்குக்கு இந்தப் பெருமையில் நேரடிப் பங்கு உண்டு. முகாமின் கழிவறைக்கு ஏறும் படிகளில் மூன்றாவது, அவருடைய அம்மாவின் கல்லறைக் கல்.

எட்டு வயதில் அம்மாவை இழந்தார். மறு வருஷம், பெருநிலத்தைப் போரில் எதிரியிடம் இழந்த பட்டாளம் தீவுக்கு வந்தது. முகாம் கட்டக் கல் போதவில்லை என்று வாசற்படி, திரிகைக்கல், கல்லறை என்று கையில் கிடைத்ததையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போனது. மரியாதையாக ஒரு ரசீதும் கொடுத்தது: ‘கருங்கல் பலகை ஒன்று. பெருநிலத்தை மீட்டதும் திருப்பித் தரப்படும்.’ எதிர்க்கரையில் தெரிந்த பெருநிலம் இன்னும் எதிர்க்கரையில்தான் தெரிகிறது.

எழுத்துள்ள பக்கத்தைக் கீழே கவிழ்த்துக் கல்லைப் பதித்ததை அவர் நின்று பார்த்தார். அப்போது அவருக்குப் படிக்கத் தெரியாது. பிறகு அப்பா குண்டுவீச்சில் போனார். ஊர்ப் பதிவேடும் அதில் எரிந்தது. அம்மாவை ஊரே ‘கூ வீட்டுக்காரி’ என்றுதான் கூப்பிட்டது. அவள் பெயர் எழுதியிருக்கிற ஒரே இடம் அந்தப் படியின் அடிப்பக்கம்.

போன வருஷம் பட்டாளம் காலி செய்துகொண்டு போனது. இனிக் கேட்டுவிடலாம் என்று மனைவி பிக்-ஹாவோடு முகாமுக்குப் போனார். குழுவின் தலைவர், பேராசிரியர் லோ, சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ரெண்டடி தடிமன், பாதி தரைக்குக் கீழ. ஒரு கல்லு மாதிரி இன்னொண்ணு இல்ல பாருங்க. இதுக்குத் திரட்டுப் பாணின்னு பேர் வெச்சிருக்கோம்.”

“நாங்க திருட்டுன்னு வெச்சிருந்தோம்,” என்றாள் பிக்-ஹா.

தியன்-சியோங் அவளைக் கையமர்த்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். லோ உருக்கமாகக் காதுகொடுத்துக் கேட்டார்.

“பெரியப்பா, சின்னம்னு அறிவிச்ச பிறகு ஒரு கல்லை எடுத்தாலும் குற்றம்.”

“எடுக்க வேணாம் தம்பி. புரட்டிக் காட்டுங்க. பேரைப் படிச்சிட்டுத் திரும்ப வெச்சிடலாம்.”

“புரட்டினா அசல்தன்மை போயிடும். அந்தப் படி சிப்பாய்களோட எளிமைக்குச் சாட்சி.”

“அறுபத்தாறு வருஷம் அதை மிதிச்சுக்கிட்டு ஒண்ணுக்குப் போனானுங்க,” என்றாள் பிக்-ஹா. “ரொம்ப எளிமை.”

கடைசி அஸ்திரமாகத் தியன்-சியோங் சட்டைப்பைக்குள்ளிருந்து ரசீதை எடுத்து நீட்டினார். லோவின் கண் கலங்கிவிட்டது. இதைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம். இரண்டு கையாலும் வாங்கினார், திருப்பித் தரவில்லை.

மறு மாதம் அது முகாமில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கீழே பித்தளைத் தகட்டில் ‘கூ தியன்-சியோங் நன்கொடை’ என்று அழகாகப் பொறித்திருந்தார்கள்.

“அம்மா பேரைக் கேட்டேன்,” என்றார் அவர். “என் பேரை எழுதித் தந்திருக்கான்.”

“உங்க பேராவது தெரிஞ்சுதே,” என்றாள் பிக்-ஹா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிவந்தாள்.

படிக்கு முன்னால் நின்றாவது கும்பிட்டுவிடலாம் என்று, கல்லறைகளைக் கூட்டித் துடைக்கும் சிங்மிங் நாளில் துடைப்பம், ஊதுபத்தி, சிப்பியும் முட்டைக்கோசும் வைத்துச் சுருட்டிய ரொட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு இருவரும் மேடேறிப் போனார்கள்.

சிங்மிங் அரசு விடுமுறை. முகாம் பூட்டியிருந்தது.