கழற்றாமல் விட்ட பெட்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் பெருந்தன்மையோடு சொல்லக்கூடும். அவசரப்படாதீர்கள். இது அந்த உயர்ந்த ரகப் பொய் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கையெல்லாம் கிரீஸும் முகமெல்லாம் பெருமையுமாக, காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் மனைவியிடம் நான் சொன்ன சாதாரண வீட்டுப் பொய். மொத்தம் மூன்று சொல்.

"வயரிங்காரர் வந்து பாத்துட்டார்."

அவர் வரவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

இன்று புதன்கிழமை மாலை. என் மனைவி அடுத்த அறையில் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டிருக்கிறாள். எழுந்து போய் "அவர் பார்க்கவே இல்லை" என்று இன்னொரு மூன்று சொல் சொன்னால் தீர்ந்துவிடும் விஷயம். நான் கதவைச் சாத்திக்கொண்டு கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லத் துப்பில்லாதவன் எழுதிக் காட்டுவதற்கு இலக்கியம் என்று யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

இதுவரை எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'கொட்டும் மழையில், பாலத்தின் நடுவே, ஒரு பழைய கார் மூச்சடங்கி நின்றது. உள்ளே ஒரு பெண்—'

[நிறுத்திவிட்டேன். அந்தப் பாலத்தில் நான் இல்லை. நான் அப்போது வீட்டில் சூடாக டீ குடித்துக்கொண்டிருந்தேன்.]

'மனித மனமும் ஓர் எஞ்சின்தான். அதற்குள்ளும்—'

[இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.]

2

கொஞ்சம் எஞ்சின் விஷயம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், எனக்கே கொஞ்சம்தான் தெரியும். கதையின் சிக்கலே அதுதான்.

எஞ்சினுக்குள் பெட்ரோலைச் சரியான அளவில் பீச்சுவதற்கு நான்கு இன்ஜெக்டர்கள் இருக்கின்றன. விரல் நீளம்தான் இருக்கும். கார் என் மனைவியுடையது, கல்யாணத்துக்கு முன்பே அவள் வாங்கியது, என்னைவிட அவளுக்கு அதோடு பழக்கம் அதிகம். அதன் இன்ஜெக்டர்கள் ஒழுக ஆரம்பித்து, உள்ளே உட்கார்ந்தால் பெட்ரோல் வாடையில் தலை வலித்தது. பழைய மாதிரி இப்போது கிடைப்பதில்லை. அதே காரின் புதிய மாடலில் வருகிற இன்ஜெக்டர் அந்தத் துளையில் கச்சிதமாக உட்காரும். வயர் மாட்டுகிற ப்ளக்தான் சேராது. பழையது சதுரம், புதியது முட்டை வடிவம். ஆக, பழைய ப்ளக்கை வெட்டிவிட்டுப் புதிய ப்ளக்கை வயரில் இணைக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு வயர், மொத்தம் எட்டு.

எங்கள் தெருமுனையில் கார்களுக்கு வயரிங் வேலை செய்கிறவர் இருக்கிறார். அதிர்ந்து பேசாத மனிதர். சனிக்கிழமை அவரிடம் போனேன். "எட்டு வயர்தானே, நானே சேத்துடுவேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

"பழைய இன்ஜெக்டர் கரண்ட்டை நிறைய இழுக்கும் சார். அதனால நடுவுல ஒரு ரெசிஸ்டர் பெட்டி வச்சிருப்பாங்க, கரண்ட்டை அடக்கி விட. புதுசுக்கு அந்த அடக்கம் உள்ளேயே இருக்கு. பெட்டியும் இருந்தா ரெண்டு அடக்கு ஆயிடும், இன்ஜெக்டர் சரியா திறக்காது. அதனால பெட்டிய எடுத்துட்டு வயரை நேரா சேத்துடுங்க. புரியுதா?"

நான் தலையாட்டினேன்.

"எதுக்கும் நாளைக்கு சாயங்காலம் நான் ஒரு தடவ வந்து பாத்துடறேன். அதுக்கப்புறம் ரோட்டுல எடுங்க."

அதற்கும் தலையாட்டினேன். என் தலை நன்றாக ஆடும்.*

* அவர் பேசும்போது நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பாடம் கேட்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார். இப்போது அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறேன். 'அடக்கம் — நல்ல சொல். கதையில் எங்காவது பயன்படுத்தலாம்' என்று இருக்கிறது. பெட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை.

3

இந்த இடத்தில் மனைவி பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் படைத்திருந்தால் இவ்வளவு நேர்மையாகப் படைத்திருக்க மாட்டேன், கதைக்கு ஆகாது.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கும் வேலை அவளுக்கு. நகரத்துக்குப் போகிற தண்ணீரில் மருந்து சரியாகக் கலந்திருக்கிறதா என்று மணிக்கொரு முறை எடுத்துப் பார்த்து, பதிவேட்டில் அளவை எழுதி, 'பார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போன வருடம் அவளோடு வேலை பார்த்த ஒருவர் நாலு மணிச் சோதனையைச் செய்யாமலேயே செய்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர், நல்ல மனிதர், என் கதைகளைக்கூடப் படித்திருக்கிறார். இவள் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் இப்போது எங்களோடு பேசுவதில்லை.

"தண்ணி நல்லாத்தானே இருந்துச்சு? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்று நான் கேட்டேன்.

"தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு. பாக்காமலே பாத்தேன்னு எழுதினாரே, அதச் சொல்றேன்" என்றாள். பிறகு துணி மடிக்கப் போய்விட்டாள்.

இந்த வீட்டில்தான் நான் அந்த மூன்று சொல்லைச் சொன்னேன். ஆளைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஆள் இவள் ஒருத்திதான்.

4

ஞாயிறு. எட்டு வயரையும் நான் இணைத்த அழகைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். உங்கள் நேரத்தை மதித்துச் சுருக்கிவிடுகிறேன். பற்றவைத்த ஈயம் முத்து முத்தாக உட்கார்ந்தது. ஒவ்வொரு இணைப்புக்கும் உறை போட்டு, சூடு காட்டி இறுக்கி, டேப் சுற்றினேன். என் வாழ்நாளில் எந்த வாக்கியத்தையும் இவ்வளவு ஒழுங்காக முடித்ததில்லை.

அப்புறம் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. எஞ்சினுக்குப் பின்சுவரில், அலுமினியத்தில், வரிவரியாகச் செதுக்கினது போல. தொழிற்சாலையில் முடுக்கின இரண்டு திருகுகள். இருபது வருடமாக ஒரு தொந்தரவும் கொடுக்காமல் அங்கேயே இருக்கிறது. வயரிங்காரர் அதைப் பற்றி ஏதோ சொன்னது மாதிரி இருந்தது. கழற்றச் சொன்னாரா, கவனமாக இருக்கச் சொன்னாரா? போன் செய்து கேட்டிருக்கலாம். இருக்கிறதைக் கழற்றுவானேன் என்று விட்டுவிட்டேன்.

என் கதைகளைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. எழுதினதில் ஒரு வரியை எடு என்றால் எனக்கு உயிர் போகும். முதலில் படிக்கிறவள் எப்போதும் என் மனைவிதான். பென்சிலும் கையுமாக உட்காருவாள். "இந்தப் பத்தி எதுக்கு?" என்பாள். "அழகா இருக்கே" என்பேன். அந்தப் பத்தி அப்படியே அச்சாகும். ஊரே அதைத் தாண்டிக் குதித்துப் படிக்கும்.

சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. பெட்ரோல் வாடை இல்லை. நேராக வயரிங்காரருக்குப் போன் போட்டு, "நீங்க அலைய வேண்டாம், வண்டி அருமையா ஓடுது" என்றேன். "பெட்டிய..." என்று அவர் ஆரம்பித்தார். நான் அதற்குள் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

என் மனைவி வாசலுக்கு வந்தாள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நிலையத்துக்கு அவளை மாற்றியிருந்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

"நல்ல சத்தம். வயரிங்காரர் பாத்துட்டாரா?"

ஒரு நொடி. அவள் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷம் என்னால் வந்தது என்று இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டேன். மற்றது உங்களுக்குத் தெரியும்.

5

திங்கள்: "மேட்டுல ஏறும்போது கொஞ்சம் தயங்குது" என்றாள். "புதுசு இல்லையா, போகப் போகச் சரியாயிடும்" என்றேன், இருபது வருட அனுபவசாலி மாதிரி.

செவ்வாய்: "சிக்னல்ல நிக்கும்போது நடுங்குது." "பெட்ரோல் மட்டமா இருக்கும்."

புதன், அதாவது இன்று: மழை. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடியில் பனி படியாமல் இருக்க மின்விசிறி என்று எல்லாம் ஓடியதில் கரண்ட் இன்னும் குறைந்திருக்கிறது. ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் ஒரு லாரி.

அவள் இதை நின்றபடி சொன்னாள், தண்ணீர் சொட்டச் சொட்ட.

"ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான். நிப்பாட்டிட்டான், அவ்வளவுதான். மூணாவது தடவ ஸ்டார்ட் ஆச்சு."

டீ டம்ளரை வாங்கினாள். டீ தட்டில் சிந்தியது. அவள் எதையும் சிந்தி நான் பார்த்ததில்லை. சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றுகிற கை அது.

"வயரிங்காரரை இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்க. ஒரு தடவ பாத்தவர்தானே, எங்கன்னு தெரிஞ்சிருக்கும்."

இந்த இடத்தில் நல்ல உவமை ஏதாவது போடலாமா என்று யோசித்தேன். பயந்துபோனேன், வெட்கப்பட்டேன், அவ்வளவுதான்.

6

மாடிப்படியில் நின்று, குரலைத் தாழ்த்திப் போன் செய்தேன்.

"பெட்டியக் கழட்டினீங்களா சார்?"

"...இல்ல."

"ஏன்?"

"நல்லா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வண்டிய யாரு ஓட்டறாங்க?"

"என் மனைவி."

"நான் வந்து பாக்கலைன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு என் தலை ஆடவில்லை.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வரேன். அரை மணி நேர வேலை. அதுவரைக்கும் வண்டிய எடுக்க விடாதீங்க சார், மழை விடாது போல இருக்கு."

ஒன்பது மணிக்கு வருவார். அவள் ஆறு மணிக்குக் கிளம்புவாள்.

7

[இங்கே ஏழாம் பகுதி இருந்தது. நான் ஏன் அப்படிச் சொன்னேன், என் குழந்தைப் பருவம், பாராட்டுக்கு ஏங்கும் கலைஞனின் மனம் என்று நாலு பத்தி. உருக்கமாக வந்திருந்தது, அழகாகவும் இருந்தது. கழற்றிவிட்டேன். ஆறையும் எட்டையும் நேராக இணைத்திருக்கிறேன்.]

8

முடிவுகள்.

ஒன்று: கார் சாவியை ஒளித்து வைத்துவிடுகிறேன். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து தேடுகிறோம். நான் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து தேடுகிறேன். அவள் பஸ்ஸில் போகிறாள். ஒன்பது மணிக்குப் பெட்டி கழற்றப்படுகிறது, சாயங்காலம் சாவி கிடைக்கிறது. அபாரமான முடிவு, யாருக்கும் சேதம் இல்லை. தண்ணீர் நல்லாத்தான் இருக்கும்.

இரண்டு: இப்போதே டார்ச் எடுத்துக்கொண்டு போய் நானே கழற்றி நேராக இணைத்துவிடுகிறேன். வண்டி சரியாகிவிடும். ஆனால் அதையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நாளை "வயரிங்காரர் வந்து சரி பண்ணிட்டார்" என்று சொல்ல வேண்டியிருக்கும். என்னால் சொல்ல முடியும் என்பதுதான் பயமாக இருக்கிறது.

மூன்று: அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் தோளில் கை வைத்து, 'பரவாயில்லைங்க, நீங்களே சொல்லிட்டீங்களே—'

[அவள் அப்படிச் சொல்ல மாட்டாள். பாத்திரத்தின் வாயில் எனக்கு வேண்டியதைத் திணிக்கிறேன்.]

9

வாசகரே, ஒரு மன்னிப்பு. முதல் வரியிலிருந்து உங்களை 'நீங்கள், நீங்கள்' என்று கூப்பிட்டு ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தேன். உங்களிடம் பேசுவது எனக்குச் சுலபம். நீங்கள் நாளை அந்தப் பாலத்தைத் தாண்டப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாமல் நீங்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

இனி உனக்கு.

வயரிங்காரர் பார்க்கவே இல்லை. நான் வர வேண்டாம் என்று சொன்னேன். திங்களும் செவ்வாயும் நீ சொன்னபோது எனக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது, வாயைத் திறக்கவில்லை. அந்த லாரிக்காரர் பிரேக்கில் கால் வைத்ததால் நீ இப்போது அடுத்த அறையில் இருக்கிறாய். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

நாளை வண்டியை எடுக்காதே. மெயின் ரோட்டு முக்கில் ஐந்தரைக்கு ஒரு பஸ் இருக்கிறது, நேரம் விசாரித்துவிட்டேன். ஒன்பது மணிக்கு அவர் வரும்போது நான் பக்கத்தில் நிற்பேன், நோட்டு இல்லாமல். சாயங்காலம் அவரிடம் நீயே கேட்டுக்கொள். என் வார்த்தையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதைப் படிக்கும்போது வழக்கம் போலப் பென்சில் எடுத்துக்கொள். எந்தப் பத்தியை எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுகிறேன். முடிவு என்னிடம் இல்லை. நீ அந்த நாலு மணிச் சோதனைக்காரரைப் பற்றி எழுதிக் கொடுத்தது போல என்னைப் பற்றி எழுதிக் கொடுக்க மேலே யாரும் இல்லை. நீதான் இருக்கிறாய்.

சாப்பாட்டு மேஜையில் வைக்கிறேன். கார் சாவி இந்தத் தாளுக்கு அடியில் இருக்கிறது, ஒளித்து வைக்கவில்லை. கீழே உங்கள் நிலையத்துப் பதிவேட்டில் இருப்பது போல ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அதில் நான் கை வைக்க மாட்டேன். முழுக்கப் படித்த பிறகு, போடத் தோன்றினால் போடு.

பார்த்தவர்: ........................