வீட்டு ஆளின் கிளாஸ்

பேர் வெட்டுவதில் பொன்னம்மைக்கு ஆகவே ஆகாத பேர் ஆர்யா. கண்ணாடிக் கிளாசின் மேல் ஸ்டிக்கர் தாளை ஒட்டி, எழுத்தின் வடிவத்தைப் பிளேடால் வெட்டி உரித்து, அந்த இடத்தில் கண்ணாடியை அரிக்கும் பசையைத் தடவ வேண்டும். சற்று நேரம் கழித்துக் கழுவினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். மலையாளத்தில் அந்த ‘ர்ய’வின் வளைவுக்குப் பிளேடைத் திருப்புவதற்குள் விரல் மரத்துவிடும். வேண்டாவெறுப்பாக வெட்டியும், எல்லாவற்றிலும் அதுதான் அழகாக வந்து தொலைத்தது.

ஷில்பாவும் பொன்னம்மையும் ஆரியசாலையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். பள்ளியில் பொன்னம்மை தமிழ் வகுப்பு, ஷில்பா மலையாள வகுப்பு. மத்தியானச் சோறு மட்டும் ஒரே பாத்திரத்தில். இப்போது ஷில்பா கவடியாரில் பிளாட் வாங்கிக் குடியேறிவிட்டாள். தன் கல்யாண நாள் விருந்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பேர் எழுதிய கிளாஸ் வேண்டும், போகும்போது அவரவர் கொண்டு போகலாம் என்று போனில் பேர்களைச் சொல்லிக்கொண்டே போனாள். எதிர் பிளாட் ஆர்யாவின் பேர்தான் முதலில் வந்தது. கடைசிவரை பொன்னம்மையின் பேர் வரவில்லை.

“அப்பம் எனக்கு?” என்று விளையாட்டுப்போலக் கேட்டாள்.

“எட்டி, ஒனக்கு எதுக்கு கிளாசு? நீ வீட்டு ஆளில்லியா?”

வீட்டு ஆள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஓணத்துக்கு ஷில்பா பூவாறு கடற்கரைக்குப் போனபோது மட்டும் இந்த வீட்டு ஆளின் நினைப்பு வரவில்லையாக்கும். ஆர்யா போனாள். இரண்டு பேரும் ஒரே நிறச் சுரிதாரில் தோளோடு தோள் ஒட்டி நின்ற படத்தைப் பொன்னம்மை வாட்ஸப்பில் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுக்குப் பொறாமை. சோறு இறங்காத அளவுக்குப் பொறாமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளாஸ்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும்போது, ஆர்யாவின் கிளாசை மட்டும் வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டாள். அதன் இடத்தில், தனக்கென்று தமிழில் வெட்டிய ஒன்றை வைத்தாள். மேலிருந்து கீழாக, ஒன்றின் கீழ் ஒன்றாக: பொ, ன், ன, ம், மை. ஷில்பா அதைப் பார்ப்பாள். ‘அடி கள்ளீ’ என்று எல்லோர் முன்னாலும் கட்டிக்கொள்வாள். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இதையே நினைத்தாள்.

கவடியாரில் ஹால் நிறைய ஆட்கள். ஜாடிகளில் தர்பூசணிச் சாறு தயாராக இருந்தது. ஷில்பா பெட்டியைத் துழாவினாள்.

“ஆர்யாக்க கிளாசு எங்கட்டி?”

“வழியில கீழ விழுந்து பொட்டிப் போச்சு.”

“அய்யோ, கஷ்டமாயிப் போச்சே.” அதற்குள் தமிழ்க் கிளாஸ் ஷில்பாவின் கைக்கு வந்துவிட்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பொன்னம்மை ஓரடி முன்னால் வந்து நின்றாள்.

“இது தமிழில்லா? எனக்கு எங்க வாசிக்கத் தெரியுது. என்ன, நல்வரவுன்னா?”

இல்லை, என் பேர் என்று சொல்லிவிடலாம். ஆனால் கிளாசை ஆவலாக வாங்கிக்கொண்டிருக்கிற இத்தனை பேர் நடுவில், யாரும் கொடுக்காததைத் தானே எழுதிக்கொண்டு வந்தவளாக எப்படி நிற்பது?

“ஆமா,” என்றாள் பொன்னம்மை. “நல்வரவுதான்.”

“கொள்ளாமே, நல்லாருக்கே! அப்பம் ஆர்யாக்கு இதையே குடு.”

தன் கையாலேயே சாற்றை ஊற்றிக் கொடுக்கவேண்டி வந்தது. சிவப்புக்கு மேல் எழுத்துகள் பளிச்சென்று எழுந்தன. ஆர்யா இரண்டு கையாலும் வாங்கி, “எந்தா சேச்சி இதில் எழுதியிரிக்குன்னது?” என்றாள்.

“ஸ்வாகதம்.”

“அய்யோ, எந்து பங்கியா! இது ஞான் ஆர்க்கும் கொடுக்கில்ல கேட்டோ.” எவ்வளவு அழகு, இதை யாருக்கும் தரமாட்டேன் என்று உண்மையிலேயே மகிழ்ந்து சொன்னாள். அவளைத் திட்டக்கூட வழியில்லாமல் போயிற்று.

பொன்னம்மை சமையலறைக்குள் போய், யாரும் சொல்லாமலே பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். சற்று நேரத்தில் ஷில்பா வியர்த்து வழிய உள்ளே வந்தாள். அலமாரியிலிருந்து ஒரு ஸ்டீல் டம்ளரை எடுத்துச் சாற்றை ஊற்றி, மடமடவென்று பாதியைக் குடித்துவிட்டு மீதியை நீட்டினாள்.

“குடி. காலத்தெயிருந்து ஒண்ணும் குடிக்கலியே நீ.”

“ஒனக்கு கிளாசு?” என்றாள் பொன்னம்மை.

“எனக்கு எதுக்குட்டி?” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள் ஷில்பா.

அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குப் போனில் சொன்ன பேர்களில் ஷில்பாவின் பேரும் இல்லை.

டம்ளரை வாங்கிக்கொண்டாள். விளிம்பில் ஷில்பாவின் வாய் பட்ட ஈரம் இருந்தது. வாசலுக்கு அப்பால், ஹாலில் ஆர்யா யாரோடோ சிரித்துப் பேசியபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். சாறு இறங்க இறங்க, மேலேயிருந்து ஒவ்வோர் எழுத்தாக வெறும் கண்ணாடியில் மங்கிக்கொண்டு வந்தது. பொ போயிற்று. இரண்டு னவும், பிறகு ம்-மும் போயின. அடியில், மிச்சச் சிவப்பில், மை மட்டும் வெள்ளையாக நின்றது.