ச. ஞாழல்

சமுத்திரத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அது அவனுடைய பெயர். திருச்செந்தூரில் நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை. முருகன் பெயரை வைத்திருந்தால் காரியம் முடிந்தது. அவன் அப்பாவோ கோயிலை விட்டுவிட்டு எதிரே கிடந்த கடலைப் பார்த்துப் பரவசப்பட்டுவிட்டார். நம்ம ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்க அன்றைக்கு வீட்டில் ஆளில்லை.

பள்ளிக்கூடம் கேட்டது. பூகோள வாத்தியார் படத்தைத் தொங்கவிட்டு வங்காள விரிகுடா எங்கே என்றால், வகுப்பே அவனைத் திரும்பிப் பார்க்கும். ஒன்றுக்குப் போக எழுந்தால், சமுத்திரம் பொங்கிவிட்டது என்பார்கள். பஸ் விளையாட்டில் அவன் முதுகைத் தட்டி, அம்பாசமுத்திரம் எல்லாம் ஏறு என்று ஏறிக்கொள்வார்கள். எல்லாவற்றையும்விட ஒரு கேள்விதான் அவனைப் பாடாய்ப் படுத்தியது.

"ஏலே, ஒனக்குள்ள எம்புட்டு மீனுலே கெடக்கு?"

இதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று, ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஃபிட்டரான பிறகும் யோசித்துக்கொண்டேதான் இருந்தான். கழன்ற ஸ்பிண்டிலையெல்லாம் மாட்டத் தெரிந்த மூளைக்கு இது மட்டும் பிடிபடவில்லை.

எண்பத்தைந்தாம் வருஷம் அவன் மனைவி அழகுத்தாய், உள்ளூரிலேயே மடவார் வளாகத்தில் இருந்த தாய்வீட்டில் பெண் குழந்தை பெற்றாள். மற்ற அப்பாக்கள் ஊருக்குச் சீனி கொடுக்க ஓடுவார்கள். சமுத்திரம் உட்கார்ந்து கவலைப்பட ஆரம்பித்தான். தன் பாடு பிள்ளைக்கு வரக் கூடாது. எவனும் ஒடிக்க முடியாத பெயராக வைக்க வேண்டும். எந்தச் சாமானையும் சோதித்துப் பார்க்காமல் மாட்டாத ஆள், பிள்ளை பெயரைச் சும்மா விடுவானா? சோதிக்கிற மெஷினும் மில்லிலேயே இருந்தது. அதன் பெயர் காளிராஜ்.

கூட வேலை பார்க்கிற காளிராஜ், மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை அத்தனை பேருக்கும் பட்டப்பெயர் வைத்த மகராசன். சமுத்திரம் டீ வாங்கிக் கொடுத்து, பெயரை அவன் முன்னால் வைப்பான். தேன்மொழியா, தேன்முட்டாய் என்பான் அவன். கோதையா, கோதுமை மாவு. மங்கையர்க்கரசியா, பச்சரிசியா புழுங்கலரிசியா என்பான். மாமியார் கருத்தம்மா ஆசைப்பட்டாளே என்று நப்பின்னையைக் கொண்டுபோனான். காளிராஜ் டீயைக்கூட உறிஞ்சவில்லை. "நப்பி" என்றான். கருமித்தனம் பிடித்த ஆளை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளை பெயரில்லாமலே குப்புற விழுந்து, தவழவும் தயாராகிவிட்டது.

கடைசியில் நூலகத்துக்குப் போய்த் தடித்த அகராதியை எடுத்தான். நேரே 'ஞ'வுக்குப் போனான். கேலி பண்ண மோனை வேண்டும், ஞ-வில் தொடங்கும் வார்த்தைகள் கொஞ்சம்தான், ஆகவே கேலிக்கு வழி கொஞ்சம் என்பது அவனுடைய ஆராய்ச்சி. இதைக் கண்டுபிடித்ததற்குத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டான். வேறு யார் மெச்சுவார்கள்? ஞாழல் என்ற சொல் அகப்பட்டது. கடற்கரையில் பூக்கிற மரமாம். கடலை விட்டு ஓட நினைத்தவன் கடற்கரையிலேயே போய் நின்றது அவன் புத்தியில் உறைக்கவில்லை.

காளிராஜ் நாக்கை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை என்று ஆரம்பித்து, லீவு நாளைச் சொன்னால் யாருக்கு வலிக்கும் என்று அவனே விட்டுவிட்டான். டீ ஆறிப்போனது.

"போலே. சொல்லவே வாயி வரலை, பொறவு எங்கிட்டுக் கேலி பண்ண?" என்றான்.

சமுத்திரம் அன்றைக்கு மில்லுக்கே காராச்சேவு வாங்கிக் கொடுத்தான். அழகுத்தாய்தான் தலையில் அடித்துக்கொண்டாள். கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளை அடுத்த தெருவுக்குப் போய்விடும் என்றாள். கருத்தம்மா வாயில் அது நாவல் என்றுதான் வந்தது. ஏச்சும் பேச்சும் தன்னோடு போகட்டும், பிள்ளை தப்பித்தால் சரி என்று இருந்துவிட்டான்.

தொண்ணூறில் ஞாழலை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். ஒரு மாதம் போல ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல், ஒரு நாள் ஷிப்டை மாற்றிக்கொண்டு, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு சைக்கிளோடு வாசலில் போய் நின்றான்.

மணி அடித்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

"சமுத்திரம்!"

"என்னலே?" என்று இவன் பாட்டுக்குப் பதில் கொடுத்துவிட்டான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூப்பிட்டது இவனை அல்ல. பல் விழுந்த பையன் ஒருவன், ஞாழலைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறான்.

சமுத்திரத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அடப்பாவி, இனிஷியலை மறந்துவிட்டோமே! பெயரை ஒடிக்க முடியவில்லை என்றால் அப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது இந்த ஊரில் மூக்குச்சளி ஒழுகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அகராதியைப் புரட்டிய அறிவாளிக்குத் தெரியவில்லை. எந்தப் பெயரிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற நினைத்தானோ, அதையே அவள் தலைமாட்டில் புள்ளி வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்தப் புள்ளியிலேயே முட்டிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

பையன் விடுவதாக இல்லை. "ஏட்டி சமுத்திரம், ஒனக்குள்ள எம்புட்டு மீனுட்டி கெடக்கு?"

அதே கேள்வி. சமுத்திரம் கண்ணை மூடிக்கொண்டான்.

"நெறையக் கெடக்கு. ஒனக்கு ஒண்ணு கூடத் தர மாட்டேன், போலே" என்றாள் ஞாழல்.

அவள் புத்தகப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சமுத்திரம் சைக்கிளைக் கிளப்பினான். மிதித்துக்கொண்டே, இது எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்தே என்றாள்.

"கேலி பண்ணுதானுவன்னு ஏன்ட்டி எங்கிட்டச் சொல்லலை?"

"கேலியா? அது ஒம் பேருல்லாப்பா?"

அவனுக்குத் வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. முன்னால் பஸ் திரும்பும் இடத்தில் ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது.

"கெட்டியாப் பிடிச்சுக்கோட்டி, சமுத்திரம்" என்றான்.