வெற்றிடத்தில் ஒரு டமார்

பல் மருத்துவர் தன் பழைய விஞ்ஞானக் கதை இதழ்களையெல்லாம் மகளிடம் கொடுத்து இணையத்தில் ஏற்றச் சொன்னார். ரசிகர்களே கையால் எழுதி, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி, தங்களுக்குள்ளேயே படித்துத் திட்டிக்கொண்ட இதழ்கள் அவை. திட்டிக் கடிதம் போட்டால் அடுத்த இதழ் இலவசம். பாராட்டினால் கிடையாது.

அந்த இதழை அவரும் மனைவியின் அண்ணனும் சேர்ந்துதான் நடத்தினார்கள். மச்சான் எழுதிய கதையில் விண்கலம் ஒன்று "டமார்" என்று வெடித்தது. வெற்றிடத்தில் ஏது சத்தம் என்று இவர் குதித்தார், மச்சானை வாயைத் திறக்க விடவில்லை. இந்த உலக மகா பிரச்சினையில் இதழ் இரண்டாக உடைந்தது. இரண்டுக்கும் அதே பதினோரு வாசகர்கள். அதோடு முப்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டு விசேஷங்களில்கூட ஆளுக்கொரு மூலை.

இணையத்தில் இருக்கும் இன்றைய ரசிகர் குழுவில் நாற்பதாயிரம் பேர். டமார் கதையையே முதலில் ஏற்றச் சொல்லி, "இதை எழுதியவரின் தலைக்குள்தான் அசல் வெற்றிடம்" என்று கீழே தட்டிவிட்டார் மருத்துவர். யாராவது மல்லுக்கட்ட வரமாட்டார்களா என்று மனசு அடித்துக்கொண்டது.

வந்ததெல்லாம் இதயம். சிவப்பு இதயம், ஊதா இதயம். "செம க்யூட் அங்கிள்!" "பழைய பேப்பர் வாசனையே தனி!" ஃபோனில் வாசனை வருகிறதாம். இந்த ஃபாண்ட் பெயர் என்ன என்று ஒரு மேதை கேட்டார். அது மச்சானின் கையெழுத்து. ஒரு பிறவியும் கதையைப் படிக்கவில்லை. மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கிளினிக்கில் ஒரு பதில் வந்தது. "முட்டாளே, கதாநாயகன் கலத்துக்குள்ளதானே உக்காந்திருக்கான்? உள்ள காத்து இருக்குல்ல? மூணாவது பத்தியைப் படிக்காமலே இத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கே!"

மருத்துவர் மூன்றாவது பத்தியைத் தேடி, கதை முடியும்வரை படித்தார். கதாநாயகன் உள்ளேதான் இருந்தான். டமாரைப் பார்த்த கோபத்தில் அதற்கு மேல் அவர் படித்ததே இல்லை.

மறுபடி பார்ப்பதற்குள் பதிலைக் காணோம். 'அன்பு விதிகளை மீறியதால் நீக்கப்பட்டது. உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்' என்றது குழு. புண்பட்டதாம்! இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து எத்தனையோ காலமாகிறது. மனைவியிடம் எண் வாங்கி மச்சானைக் கூப்பிட்டார்.

"படிச்சியா?" என்றது அந்தப் பக்கம்.

"படிச்சேன் மச்சான். காத்து இருந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா கலமே வெடிச்சப்புறம் உன் கதாநாயகன் மட்டும் எப்படிப் பொழச்சான்?"



"இந்தக் கேள்விக்கு முப்பது வருஷமா பதில் வச்சிருக்கேன்டா. கிளம்பி வா."