லெமினேட் செய்த சாவி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து கொமியுனிகேஷன் கடையொன்றில். போட்டோ கொப்பி எடுக்க வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெரியவரின் கையில் லெமினேட் செய்த ஒரு தாள். அதில் தலையும் வாலும் தெரியாத ஆங்கில எழுத்துகள், எண்கள், கூட்டல் குறிகள். அடியில் ஜே.பி. என்கிற சமாதான நீதவானின் கையொப்பமும் முத்திரையும்: 'உண்மைப் பிரதி.'

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியை நானே செய்தேன். (எட்டிப் பார்த்த என்னை அவர் முறைத்தார். அதைக் கதையில் சேர்க்கவில்லை.)

2

முதல் தொடக்கம்: "தெமோதரை மலையில் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு"

நிறுத்திவிட்டேன். மலையகக் கதையென்றால் முதல் வரியிலேயே பனி இறங்கவேண்டும் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். அன்று நல்ல வெயில்.

இரண்டாவது: "கொழுந்து பறித்த பரம்பரையின் விரல்கள் இன்று கீபோர்டில்"

இது கதையல்ல, ஏதோ தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை.

மூன்றாவது: மரியகொரட்டிக்கு வேலை போய்விடும் போலிருந்தது.

இது இருக்கட்டும்.

3

மரியகொரட்டி தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயக் குடியிருப்பொன்றில் இருந்தபடியே கொழும்புக் கம்பனிக்கு வேலை செய்கிறாள். இன்னும் நிரந்தரமாகவில்லை. திங்கட்கிழமை காலைக்குள் கையிலிருக்கும் வேலையை முடித்தால் நிரந்தரம். முடிக்காவிட்டால் கொழும்பில் துணிக்கடை. சித்தி மகள் ஏற்கெனவே இடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

வேலை இதுதான். ஹல்துமுல்லைப் பக்கத்தில் ஒரு விடுதி. அதன் இணையத்தளத்தில் யார் வந்தார்கள், யார் அறை பதிந்தார்கள் என்பதை ஒரு சர்வர் கவனித்து, கிளவுட்டில் இருக்கும் அட்டவணையில் வரி வரியாக எழுதவேண்டும். கண்ட சர்வரையும் கிளவுட் உள்ளே விடாது. அதற்காக ஓர் ஆளை உண்டாக்குகிறார்கள். உடம்பில்லாத ஆள், பெயர் 'சேவைக் கணக்கு'. அந்த ஆளின் சாவி ஒரு சின்னக் கோப்பு. அதைச் சர்வரிடம் கொடுத்தால் கதவு திறக்கும்.

(இல்லாத அந்த ஆளுக்குச் சொந்தமாக மின்னஞ்சல் முகவரி உண்டு. மரியகொரட்டியின் வீட்டுக்குக் கடிதம் இன்றும் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. சும்மா சொன்னேன்.)

சாவியை உண்டாக்கும் அதிகாரம் மேலதிகாரி ஜுமானாவிடம் மட்டும். சனிக்கிழமை கொரட்டியின் போனுக்கு அனுப்பியிருந்தார். கொரட்டி சர்வரில் ஏற்றினாள். அட்டவணையில் முதல் வரி விழுந்தது. சந்தோஷத்தில் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த ஒரு வார்த்தையால்தான் இது கதையாயிற்று.

4

ஞாயிறு பிற்பகல் அப்பா அந்தோனி பதுளையிலிருந்து வந்து, லெமினேட் செய்த தாளை மேசையில் வைத்தார்.

"என்னப்பா இது?"

"ஒன் சாவிம்மா. தொலஞ்சா திரும்பக் கெடைக்காதுன்னு நீதானே சொன்ன? நீ பூசைக்குப் போனப்ப ஒன் போன்ல இருந்து ஜெஸீம் தம்பி கடைக்கு வாட்ஸ்அப் பண்ணிட்டேன். அவரு பிரின்ட் போட்டுக் குடுத்தாரு. மூணு கொப்பி."

"மூணா?"

"இது ஒண்ணு. ஒண்ணு மாதா படத்துக்குப் பின்னால வைக்க. ஒண்ணு ஜே.பி.கிட்ட, ஃபைல்ல போடணும்னாரு."

"ஜே.பி.க்கு எதுக்குப்பா?"

"சைன் இல்லாத கொப்பிய எவன் மதிப்பான்? ஜே.பி. இராசையா சார் எழுத்து எழுத்தா ஒத்துப் பாத்தாரு. நடுவுல கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டுப் பாத்தாரு. 'அந்தோனி, இது என்ன பாஷை'ன்னு மட்டும் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கம்பியூட்டர் சிங்களம்னு சொன்னேன்."

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அந்தோனியை அப்பாவியாக எழுதிவிட்டேனோ? அவருடைய தகப்பனாரின் பிரஜாவுரிமைத் தாள் ஒரு மழையில் நனைந்து எழுத்தழிந்து போனது. அதற்குப் பிறகு அந்த மனிதர் கச்சேரி என்கிற அரசாங்க ஆபீசுக்கும் தோட்டத்துக்கும் நடந்த நடைக்குக் கணக்கில்லை. அந்த வீட்டில் திரும்பக் கிடைக்காத எதையும் லெமினேட் செய்வார்கள். நீங்கள் சிரித்திருந்தால் பரவாயில்லை, நானும் சிரித்தேன். இப்போது இருவரும் நிறுத்திக்கொள்வோம்.

5

கொரட்டி விரல் மடக்கி எண்ணினாள். சாவி இப்போது ஜெஸீமின் போனில், கடைக் கம்பியூட்டரில், ஜே.பி.யின் ஃபைலில். யாருடைய கைக்காவது போனால் விடுதிக்காரரின் வாடிக்கையாளர் விவரங்களைத் திறந்து பார்க்கலாம்.

யாரும் பார்க்கமாட்டார்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம். பேசாமலிருந்தால் திங்கட்கிழமை வேலை நிரந்தரம். "கொரட்டி ஒரு பெருமூச்சு விட்டு, அந்தத் தாளை மெல்ல" என்று எழுதிப் பார்த்தேன். அவள் பெருமூச்சு விடுகிற ஆளாக இல்லை. சிக்னல் கிடைக்கும் மேல் வளைவுக்கு ஏறிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், சாவி வெளிய போயிருச்சு. பழச அழிச்சிட்டுப் புதுசு தாங்க."

"எப்பிடிப் போனது?"

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஜே.பி. சைன் வெச்சாரா?"

"ஆமாங்க மிஸ். சீலும் இருக்கு."

மறுமுனையில் ஒரு சத்தம். ஜுமானா சிரித்தாரா, இருமினாரா என்பது சிக்னலுக்குத்தான் தெரியும்.

"பழச இப்பவே அழிக்கிறன். இனி நீங்க மொதல்ல இருந்து செய்யோணும். காலையில அட்டவணையில வரி விழல்லன்னா நான் ஒங்களுக்காகப் பேச ஏலாது. வெளங்கினதா?"

"விழும் மிஸ்."

6

முடிவுகள் சில கைவசம் உள்ளன.

அ) வரி விழுகிறது, லயமே கைதட்டுகிறது. (லயத்தில் யாருக்கும் விஷயமே தெரியாது.)

ஆ) விழவில்லை, கொரட்டி கொழும்பு ரயிலில் சன்னலோரம். (இதை எழுதினால் எனக்குப் பரிசு கிடைக்கக்கூடும். ஆகவே வேண்டாம்.)

இ) ஜே.பி.

இந்த மூன்றாவதை யோசிக்கும் முன்பே அவள் வேலையில் இறங்கிவிட்டாள். ஜுமானா அனுப்பிய புதிய சாவியைச் சர்வரில் ஏற்றினாள். 'எல்லா அனுமதியும்' என்று ஒரு குறுக்குவழி இருந்தது. அதைத் தொடாமல், அந்த ஒரேயொரு அட்டவணைக்கு மட்டும் அனுமதி கொடுத்தாள். மடிக்கணினியை மதகுக் கட்டில் வைத்துவிட்டு, போனில் விடுதியின் தளத்தைத் திறந்து அறையொன்றைப் பதிவதுபோல அழுத்தினாள்.

அட்டவணையில் ஒன்றும் விழவில்லை. அனுமதியைச் சரிபார்த்தாள். சர்வரை மறுபடி இயக்கினாள். மறுபடி அழுத்தினாள்.

அந்தோனி மேலேறி வந்தார். வெயிலுக்குக் குடையை விரித்து மடிக்கணினிக்குப் பிடித்தார், மகளுக்கல்ல. தான் செய்தது பிழை என்பதை வழியிலேயே விளங்கிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு வட்டம் சுழன்றது. கொரட்டியின் கண் அதைவிட்டு அசையவில்லை.

"வந்துருச்சாம்மா?"

அவள் காதில் விழவில்லை. எனக்கு இங்கிருந்து திரை தெரியவில்லை; வெயில் அடிக்கிறது. நீங்கள்தான் குடைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். கொஞ்சம் குனிந்து பார்த்து, அந்த மனிதருக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.