சங்குப்பூ போட்ட ஜின்

சாமிக்கென்று வளர்க்கிற பூவைப் பறித்து ஜின்னில் ஊறப்போட்ட மனுஷனை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். சிங்கப்பூரில், தோ பாயோவில் எங்கள் ப்ளாக்கில் காரிடார் கம்பியில் சங்குப்பூக் கொடி படர விட்டிருப்பவள் நான் ஒருத்திதான். தினமும் காலையில் குளித்துவிட்டுப் போய்ப் பறித்து, மோந்துகூடப் பார்க்காமல், நேராக முருகன் படத்துக்கு வைப்பேன். அன்றைக்குப் போய்ப் பார்த்தால் கொடியில் ஒரு பூ இல்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டியை மனசுக்குள் நன்றாகத் திட்டிவிட்டு உள்ளே வந்தேன். சமையல் மேடையில் என் ஊறுகாய் பாட்டில். அதில் நீலத் தண்ணீர், அடியில் முருகனுடைய பூக்கள்.

"என்னங்க இது?" என்றேன்.

"ஜின், வசு. பூவைப் போட்டா கலர் இறங்கும். மலாய்க்காரங்க புங்கா தெலாங்னு சோத்துலகூடப் போடுவாங்கல்ல, அதே பூதான்" என்றார் ஆதவன், என் வீட்டுக்காரர். செய்த காரியத்துக்கு முகத்தில் ஒரு கூச்சம் வேண்டாமா? இல்லை. "காம்புல இருக்கிற பச்சையைக் கிள்ளிட்டுத்தான் போடணுமாம். இல்லன்னா இலை வாடை அடிக்குமாம். மயூரா சொன்னா."

மயூரா சொன்னா. அந்த மாதம் முழுக்க இதுதான் எங்கள் வீட்டு மந்திரம். வெளியே மழை வரும், மயூரா சொன்னா. இந்தச் சட்டை எனக்கு நல்லா இருக்கு, மயூரா சொன்னா. அவருடைய கப்பல் கம்பெனியில் பக்கத்து டீமுக்குப் புதிதாக வந்தவள். பிடோக்கில் வீடு. ஒரு நாள் ஆபீஸ் ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, இந்த நீல ஜின்னைக் கண்ணெதிரே ஊதாவாக மாற்றிக் காட்டியிருக்கிறாள். மனுஷன் திருப்பதிக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி திரும்பி வந்தார்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஒரே பையன் தேசிய சேவைக்காக ராணுவ முகாமில் இருக்கிறான். வார இறுதியில் வந்தால் தூங்கவே அவனுக்கு நேரம் போதாது. ஆக வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பேர் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

எனக்குப் பொறாமைதான், அதை ஏன் ஒளிக்க வேண்டும்? அவளோடு ஓடிப்போய்விடுவார் என்ற பயமெல்லாம் இல்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத ஆள் அவர். என் பயம் வேறு. இந்த மனுஷனுக்குள் இவ்வளவு ஆசையும் துள்ளலும் இருந்திருக்கிறது, அது ஒரு நாளும் என் பக்கம் வந்ததில்லை. இனிமேல் அது அவள் பக்கமே நின்றுவிட்டால் நான் இந்த வீட்டில் யார்? சோறு பொங்கிப் போடுகிற ஆளா?

தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் ஒத்திகை. வெந்நீர் போடத் தெரியாதவர், கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் துடைப்பார். ஐஸ் கட்டிகளைப் போட்டு அதன்மேல் நீல ஜின்னை மெதுவாக ஊற்றுவார். பிறகு அரை எலுமிச்சையைப் பிழிவார். சாறு விழுந்த இடத்திலிருந்து நீலம் கலங்கி, கத்தரிப்பூ நிறமாகி, கிளாஸ் முழுக்கப் பரவும். கடைசியில் டானிக் என்கிற கசப்புச் சோடாவை ஊற்றி ஒரு கலக்கு. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷமும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அவருக்கு இரண்டடி பின்னால் நான் வெங்காயம் உரித்துக்கொண்டோ மீன் கழுவிக்கொண்டோ நிற்பேன். அந்தச் சிரிப்பை நான் ஜன்னல் கண்ணாடியில்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மயூராவையும் ஹனீபாவையும் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார். ஹனீபா அவருடைய நெடுநாள் சிநேகிதர், ஒரே ஆபீஸ். அவர் குடிக்க மாட்டார். அவருக்கு மட்டும் ஜின் இல்லாமல் சோடாவில் பூவைப் போட்டுத் தரப்போகிறாராம். முதல் நாள் சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்கு என்னோடு அவரே கிளம்பி வந்தார். எலுமிச்சம்பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தோல் மெல்லிசா இருக்கணும் வசு, அப்பதான் சாறு இருக்கும்."

"மயூரா சொன்னாளா?"

"ஆமா, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நிஜமாகவே கேட்டார். இப்படிப்பட்ட ஆளிடம் சண்டை போட்டுத்தான் என்ன பிரயோஜனம்?

பழம் அன்றைக்கு மலிவு. நானும் ஒரு பை நிறைய வாங்கினேன். மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிப் பிழிந்து, வடிகட்டி, ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்துவிடுவது என் வழக்கம். மீனுக்கு ஒரு கட்டி, ஜூஸுக்கு இரண்டு கட்டி என்று வேண்டும்போது தட்டி எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு மதியம் மயூரா வந்தாள். அலட்டல் எதுவும் இல்லாத ஒரு பருத்திச் சட்டை, காதில் சின்னத் தோடு. வாசலிலேயே, "அக்கா, தேக்கா வழியா வந்தேன், உங்களுக்கு வாங்கணும்னு தோணுச்சு" என்று மல்லிகைச் சரத்தை நீட்டினாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். தலையில் வைத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

நண்டுக்கறி வைத்திருந்தேன். "மயூரா, காலை எடுத்துக்குங்க, அதுலதான் சதை" என்று அவர் எடுத்து எடுத்து வைத்தார். விடியற்காலையில் எழுந்து அந்த நண்டைச் சுத்தம் பண்ணி விரலைக் கிழித்துக்கொண்ட நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். ஹனீபா மட்டும், "தங்கச்சி, கறி பிரமாதம் லா" என்றார்.

சாப்பாடு முடிந்ததும் ஆதவன் எழுந்தார். கிளாஸ்களை வரிசையாக வைத்தார். ஃப்ரீசரைத் திறந்தார். முந்தின நாள் ஒத்திகையிலேயே இருந்த ஐஸையெல்லாம் தீர்த்துவிட்டு, வெறும் ட்ரேயில் தண்ணீர் ஊற்றாமல் அப்படியே உள்ளே வைத்திருந்தார். அதைத் தள்ளிவிட்டு, நிறைந்திருந்த இன்னொரு ட்ரேயை எடுத்தார். அது என் எலுமிச்சைச் சாறு. இந்த ஒத்திகை ஐஸுக்குத் தவிர, கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவையாவது அந்த ஃப்ரீசரில் கைவைத்திருந்தால் அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும்.

நான் பாத்திரத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "அது ஐஸ் இல்லைங்க" என்று சொன்னால் முடிந்தது. வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுக் கரண்டியைத் தேய்த்தேன்.

"இப்பப் பாருங்க, ஊத்தும்போது நீலமாத்தான் இருக்கும். நான் எலுமிச்சை பிழிஞ்சாத்தான் மாறும்" என்று கூட்டத்துக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு ஜின்னை ஊற்றினார். கட்டிகளின் மேல் பட்டதுதான் தாமதம், அது தானாகவே ஊதாவாகிவிட்டது. ஆதவன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். கிளாஸைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அதன்மேல் அரை எலுமிச்சையை வேறு பிழிந்தார். அது ரோஸாகிவிட்டது.

மயூரா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஹனீபா தன் சோடாவைக் குடித்துவிட்டு, "என்ன ஆதவா, வயித்துக் கோளாறுக்கு மருந்தா லா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். ஆதவனும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் என் சிரிப்பை யாரும் பார்க்கவில்லை. மனசுக்கு அவ்வளவு குளுமையாக இருந்தது.

மயூரா கிளாஸ்களையெல்லாம் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். மேடையில் கிடந்த ட்ரேயில் விரலை வைத்து நக்கிப் பார்த்தாள்.

"எலுமிச்சைச் சாறு. தேசிக்காய்ப் புளின்னு எங்கம்மாவும் இப்படித்தான் பிழிஞ்சு வைப்பாங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் எடுக்கும்போது நீங்க பார்த்தீங்கல்ல அக்கா?" என்றாள்.

"பார்த்தேன்."

"நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். கேலியாக இல்லை. சீனி டப்பா எங்கே என்று கேட்டாள். சீனியை வெந்நீரில் கரைத்து எல்லாக் கிளாஸிலும் ஊற்றிக் கலக்கி எடுத்துக்கொண்டு, "ஐஸ் கொஞ்சம் புளிச்சுடுச்சு, இப்ப குடிங்க" என்று வெளியே போனாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கும் சேர்த்து எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது.

உட்கார்ந்ததும் அவள் சொன்னாள். "உங்க ரெண்டு பேருக்கும் ஆபீஸ்ல தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னுதான் இன்னிக்கு வந்தேன். என் ஹஸ்பெண்டுக்கு ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல வேலை கிடைச்சிருக்கு. நானும் ராஜினாமா லெட்டர் குடுத்துட்டேன். அடுத்த மாசம் கிளம்பறோம்."

நான் மயூராவைப் பார்க்கவில்லை, ஆதவனைத்தான் பார்த்தேன். பிழிந்த எலுமிச்சை மூடி இன்னும் அவர் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்துபோய், வயது திடீரென்று கூடிவிட்டது. "ஓ" என்றார். பிறகு, "நல்லதுதான். பெர்த் நல்ல ஊரு" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. ஹனீபா பாயசக் கிண்ணத்துக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். அவரும் பார்த்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இடைஞ்சல் தானாக விலகுகிறது, வேறென்ன வேண்டும்? எனக்கோ வேறொன்று ஞாபகம் வந்தது. நான் ஆபரேஷனுக்குப் போன அன்றைக்கு, "பயப்படாத, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இவர். நான் போய்ச் சேர்ந்துவிட்டால்கூட இந்த முகம் வருமா என்று நினைத்தேன். வராது என்றுதான் தோன்றியது. மயூராவின்மேல் அதுவரை பட்டதெல்லாம் ஒரு பொறாமையே இல்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு வந்ததுதான் பொறாமை.

அவர்கள் கிளம்பினார்கள். மயூரா வாசலில் என் கையைப் பிடித்து, "வரேன்க்கா" என்றாள். ஆதவன் லிஃப்ட்வரை போய்விட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார். டிவி போடவில்லை. பேப்பரையும் எடுக்கவில்லை. மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பர்ஸை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப்போய் ஒரு பை ஐஸ் வாங்கி வந்தேன். பாட்டிலில் நீல ஜின் இன்னும் மிச்சமிருந்தது. கிளாஸை வெளிச்சத்தில் பார்த்துத் துடைத்தேன். ஐஸ் போட்டேன். ஜின்னை மெதுவாக ஊற்றினேன். நீலம் அப்படியே நின்றது. கிளாஸையும் எலுமிச்சையையும் டானிக்கையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இங்க பாருங்க" என்றேன்.

"ம்" என்றார்.

பிழிந்தேன். அவர் பிழிந்ததைவிட நிதானமாகவே பிழிந்தேன். சாறு இறங்கி, நீலம் கலங்கி, ஊதா கிளாஸ் முழுக்கப் பரவியது. இந்த ஒரு தடவைதான் அது உண்மையிலேயே அழகாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது. நிமிர்ந்தேன். அவர் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டானிக்கை ஊற்றிக் கலக்கிக் கையில் கொடுத்தேன். வாங்கி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். அப்போதுதான் கிளாஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் நிஜமான ஆச்சரியம்.

"சரியா வந்திருக்கே வசு. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"தினமும் இதை இந்த வீட்லதானே செஞ்சீங்க" என்றேன். "அப்ப கூட யாரு இருந்தான்னு நினைச்சீங்க?"

ஆதவன் கிளாஸைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார். யோசித்துப் பார்த்தார். யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.